அலுவலக உடையில் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி: சென்னையில் அணிபவர்களுக்கு

உரிமம் பெற்றவராயினும், துப்பாக்கி வெளியே தெரியும்படி பொது இடத்தில் நடமாட நம் நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்யப்பட்ட உறையிலோ அதுபோன்ற பையிலோ, முழுவதும் மூடப்பட்ட நிலையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். அது எந்நேரமும் அணிந்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையே முதன்மையானது என்பது, சௌகார்பேட்டையில் நகை வணிகத்தின் கணக்குகளையும் பணப் போக்குவரத்தையும் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் என்னுடைய உறுதியான கருத்து. மறைப்பது உடையின் வேலை. கட்டுப்பாட்டில் வைத்திருப்பது மனிதரின் வேலை. உடையைப் பற்றிய எல்லா முடிவுகளையும் இந்த இரண்டையும் சேர்த்து எண்ணியே எடுக்க வேண்டும்.

உடைக்கு முன்னால் உரிமத்தைப் பார்த்துவிடுவோம். சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையரிடம் உள்ளது. மாவட்டங்களில் ஆட்சியரிடம் உள்ளது. ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதை அதிலேயே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கி இடுப்பில் இருக்கும் நாளெல்லாம் உரிமமும் உடன் இருக்கட்டும். பணிபுரியும் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் தேவை. அலுவலகம் தனியார் இடமாகையால், அங்கே ஆயுதத்தை அனுமதிப்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் உரிமை. அவர்கள் அறியாமல் எடுத்துச் செல்வதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

பொதுமக்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை .32 அங்குல அளவு ரிவால்வர்களும் பிஸ்டல்களும்தாம், 9 மி.மீ. போன்றவை தடைசெய்யப்பட்ட வகையில் சேரும். கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட நிர்பீக் ரிவால்வரின் எடை ஏறத்தாழ 500 கிராம். அரைக் கிலோ என்பது கையில் எடுக்கும்போது சிறிதாகத் தோன்றும். காலை ஒன்பது மணி முதல் மாலை ஏழு மணி வரை ஒரே பக்க இடுப்பில் தொங்கும்போது அதன் உண்மையான கனம் தெரியும். ரிவால்வரின் உருளை பிதுங்கி நிற்கும்; பிஸ்டல் தட்டையாக உடலோடு படியும். ஆகவே மெல்லிய சட்டை அணிபவருக்குப் பிஸ்டல் எளிது.

முதலில் வாங்க வேண்டியது பெல்ட். கடைகளில் அலுவலக உடைக்கென்று விற்கும் ஒற்றை அடுக்குத் தோல் பெல்ட் சில வாரங்களிலேயே வளைந்து, துப்பாக்கியின் பிடியை வெளிப்புறமாகச் சாய்த்துவிடும். சட்டைக்குமேல் புடைப்புத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்தச் சாய்வே காரணம், துப்பாக்கியின் அளவு அன்று. இரண்டு அடுக்குத் தோலை ஒட்டித் தைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள பெல்ட்டை நல்ல தோல் தொழிலாளி ஒருவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். பேன்ட்டுக்குள் உறை வைப்பதாக இருந்தால் இடுப்பளவை ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ கூட்டித் தைக்கச் சொல்லுங்கள். அளவு கொடுக்கும்போது வெற்று உறையை அணிந்திருப்பது நல்லது, துப்பாக்கியை அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை.

உறை விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முழுவதும் மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்தபின்னும் வாய் சுருங்காமல் இருக்க வேண்டும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் துப்பாக்கி நழுவக்கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த உறையை விட்டுவிடுங்கள். உறையில்லாமல் பேன்ட்டுக்குள் செருகுவது விதிக்கு மாறானது, உயிருக்கும் ஆபத்தானது. சட்டையை உள்ளே விட்டு அணிபவர்களுக்கென்று, உறைக்கும் பெல்ட் கொக்கிக்கும் இடையில் துணியைச் செருகும்படியான உறைகள் உண்டு. வலக்கைக்காரர் அதை வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்துக்கொண்டால், கை இயல்பாகத் தொங்கும்போது புடைப்பை மறைக்கும். முதுகின் நடுவில் வைப்பதை நான் ஏற்பதில்லை. இருசக்கர வாகனத்திலிருந்து மல்லாந்து விழுந்தால் இரும்பின்மேல் முதுகெலும்பு மோதும், அத்துடன் கூட்டத்தில் பின்னாலிருப்பவர் கை எட்டும் இடமும் அதுவே.

நம் ஊர் வெயிலில் கோட்டு அணிவது நடைமுறைக்கு ஒத்துவராது. எனவே எல்லாப் பொறுப்பும் சட்டையின்மேல் விழுகிறது. வெளிர்நிற மெல்லிய பருத்தி, வியர்வையில் உடலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதன் வடிவத்தைக் காட்டிவிடும். சற்றுத் தடித்த நெசவும், சிறு கட்டங்களோ கோடுகளோ உள்ள துணியும், தோளில் சரியாகவும் இடுப்பில் தளர்வாகவும் அமையும் தையலும் இதற்கு ஏற்றவை. உள்ளே பனியன் அணிந்தால் தோல் உராயாது, வியர்வையும் துப்பாக்கியை நேரடியாகத் தொடாது. ஆயினும் ஈரமும் கடற்காற்றும் இரும்பை விடமாட்டா. என் முதல் தோலுறை ஒரு ஐப்பசி மழையில் நனைந்தது. காயவைக்காமல் துப்பாக்கியை அதிலேயே விட்டேன், மூன்றாம் நாள் குழலின் பக்கவாட்டில் செந்துரு படர்ந்திருந்தது. அன்றிலிருந்து நாள்தோறும் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சிடுகிறேன். உறையையும் கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் மாற்றிக்கொண்டேன்.

அணிந்தபின் நடத்தையும் மாற வேண்டும். கீழே விழுந்த கோப்பை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள். அடிக்கடி தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டொழியுங்கள். பிறர் கண்ணை ஈர்ப்பது அந்தக் கைதான். கழிப்பறையில் துப்பாக்கியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின்மேல் வைப்பது மிகப் பெரிய தவறு, ஏனெனில் மறந்து வெளியே வந்துவிட ஒரு தொலைபேசி அழைப்பே போதும். உறையைவிட்டு எடுக்காமல், தளர்த்திய பேன்ட்டோடு முழங்கால்களுக்கிடையில் நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெரிசல் மிக்க பேருந்திலும் மின்சார ரயிலிலும் யார் கை எங்கே படுகிறது என்று எவராலும் அறிய இயலாது. அத்தகைய பயணம் தவிர்க்கமுடியாத நாளில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். மெட்ரோ நிலையம், விமான நிலையம், 2015 நவம்பர் முதல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலுக்குட்பட்ட உயர் நீதிமன்ற வளாகம், வணிக வளாகங்கள் என நுழைவாயிலில் சோதனை நடக்கும் இடத்திற்குச் செல்லும் நாளிலும் அப்படியே. பாதி வழியில் காரின் முன்பெட்டியில் வைத்துவிட்டு இறங்குவது, திருடனுக்குக் கொடுப்பதற்குச் சமம். மது அருந்தும் விருந்திருந்தால் காலையிலேயே அதை எண்ணிப் பார்த்து, துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

தற்காப்புரிமையை, இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் வரையறுக்கின்றன. அணியத் தொடங்குமுன் அவற்றை ஒரு வழக்கறிஞரோடு அமர்ந்து படியுங்கள். ஆபத்திற்கு ஏற்ற அளவைவிட மிகுந்த பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாக்குவாதத்தில் சட்டையை விலக்கிக் காட்டுவதும் குற்றமாகலாம்.

தேர்தல் அறிவிப்பு வந்தவுடன், காவல்துறை கேட்டால் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். மற்ற நாள்களில், வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு பூட்டிய அறைக்குச் சென்று, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி தோட்டாக்களை எடுத்து எண்ணி, குழலறை (தோட்டா அமரும் இடம்) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதிசெய்து, துடைத்து, துப்பாக்கியை ஒரு பெட்டகத்திலும் தோட்டாக்களை வேறொன்றிலும் பூட்டிவிட்டுத்தான் காப்பிக்கு உட்கார வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த இரண்டு சாவிகளும் உங்களிடமே இருக்க வேண்டும்.