பெரியதாழையிலிருந்து உவரிக்குக் கரைவழி நடை

முதலில் திசையை முடிவு செய்யுங்கள். தை, மாசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் கிளம்பி, தென்மேற்கே திருநெல்வேலி மாவட்டம் உவரியைப் பார்த்து நடந்தால் காற்றும் முதுகில், காலை வெயிலும் முதுகில். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அப்போது உவரியிலிருந்து கிளம்ப வேண்டும். அந்த மாதங்களில் போகாமலே இருப்பது இன்னும் நல்லது.

தூரம் சுமார் 12 கிலோமீட்டர், வழியில் கூடுதாழை என்ற மீனவர் ஊர். வடக்கே மணப்பாடு வரை நீட்டிக்க ஆசைப்பட வேண்டாம். அந்தப் பக்கம் இஸ்ரோவின் குலசேகரன்பட்டினம் ஏவுதள வேலை நடக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

முந்தின இரவு திருச்செந்தூரில் தங்கி, உவரி வழியாக நாகர்கோவில் போகும் பஸ்ஸை விடியற்காலையில் பிடித்து, பெரியதாழையில் இறங்குங்கள். ஆறரைக்குள் நடக்கத் தொடங்கினால்தான் கணக்கு சரியாக வரும். ஊரை ஒட்டிய கரையில் அந்த நேரத்தில் ஜனங்கள் காலைக்கடனுக்கு ஒதுங்குவார்கள். அதனால் தெருவழியே போய், ஊர் முடிந்தபின் மணலில் இறங்குங்கள்.

நடை சுகமா சித்திரவதையா என்பது கால் வைக்கும் இடத்தைப் பொறுத்தது. அலை வந்து திரும்பிய ஈர மணலில் குதிகால் அரை அங்குலம் பதிந்தால் மணிக்கு நாலு கிலோமீட்டர் போகலாம். கணுக்கால் வரை புதைந்தால் இரண்டுகூடத் தேறாது. கடல் வற்றும் நேரத்தில்தான் ஈரப்பட்டை அகலமாக இருக்கும். இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் ஏற்றத்தின்போது நடக்க மிஞ்சுவது பொலபொல மணல் மட்டுமே. வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள்.

கரை கடல் பக்கம் சரிந்திருக்கும். உவரியைப் பார்த்து நடக்கும்போது இடது கால் எப்போதும் தாழ்வில் மிதிக்கும், இரண்டு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை மேட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் சமதளமாக நடங்கள். அடம்புக்கொடி படர்ந்த மணல் அவ்வளவாகப் புதையாது. ராவணன் மீசைப் புதரை மட்டும் விட்டு விலகுங்கள், அதன் இலை நுனி ஊசி மாதிரி கெண்டைக்காலில் இறங்கும். அதற்காகவே முழுக்கால் பேண்ட் போடுங்கள்.

சில இடங்களில் கருப்பும் சிவப்புமாக மணல் கோடு கோடாகக் கிடக்கும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இலேசான வெள்ளை மணலை அலை இழுத்துப்போக, கனமான இவை தங்கிவிடுகின்றன. பத்து மணிக்கு மேல் கருமணல் தோசைக்கல்தான். ரப்பர் செருப்பு உதவாது. பின்வார் வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ வேண்டும். விரலிடுக்கில் தேங்காயெண்ணெய் தடவி, மணல் ஏறியதும் உடனே கொட்டுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் கொப்புளம்தான். வெறுங்கால் கூடவே கூடாது. ஊர்ப்பக்கம் தூண்டில் முள்ளும் கெளுத்தி முள்ளும் கிடக்கும்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், கடலைமிட்டாய். பனை நிழலை நம்பாதீர்கள், அது ஒரு ஆள் அகலம்கூட இருக்காது. பதினொன்று முதல் மூன்றரை வரை கூடுதாழையில் நிழலில் தங்கிவிட்டு மீதியை மாலையில் முடியுங்கள்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள். "அண்ணாச்சி, எந்தப் பக்கமா போகட்டும்?" என்று கேட்டு, இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். காயும் வலையை மிதிப்பது மகா தப்பு. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுப் பாறையில் பாசி வழுக்கும்; கரைப்பக்கமாகவே சுற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போக மாட்டார்கள், படகெல்லாம் கரையில் நிற்கும். வளைந்து வளைந்து நடக்க வேண்டிவரும்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரென ஏறலாம். கள்ளக்கடல் என்பது இதுதான்: தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறுகிறது. சித்திரை, வைகாசியில் கிளம்புமுன் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். ஆளில்லாத கரையில் குளிக்க இறங்க வேண்டாம்.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில் முன்னால், ஓலைப்பெட்டியில் கடல் மண் சுமந்து கரையில் கொட்டும் நேர்ச்சைக்காரர்களைப் பார்க்கலாம். அவர்கள் குளிக்கும் இடத்தில் நீங்களும் முழங்கால் ஆழத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு, இருட்டுமுன் பஸ் ஏறிவிடுங்கள்.