பைலட் வெச்ச கேஸ் ஃபயர்பிளேஸ் பத்த வைக்கிறது எப்படி?

போன வாரம் புது வீடு மாறின ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணி "பட்டன அமுக்குனா பத்துதுடா, கைய எடுத்தா அணைஞ்சு போயிடுது"ன்னு புலம்பினான். டொரொன்டோ வந்த முதல் குளிர்ல நானும் இதே கூத்துதான் அடிச்சேன், ஆள வரவழைச்சு காசும் கொடுத்தேன், அவர் வந்து செஞ்சது நாப்ப (திருகுற குமிழ) ஒரு நிமிஷம் விடாம அமுக்கிப் பிடிச்சது மட்டும்தான்! அதான் இந்தப் பதிவு. பைலட்னா பெரிய தீய பத்த வைக்க உள்ள எரிஞ்சுகிட்டே இருக்கிற சின்னச் சுடர். ரிமோட்ல தானா பத்துற புது மாடல் இருந்தா இது உங்களுக்கு வேண்டாம், அதோட மேனுவல பாருங்க.

முதல்ல மூக்கு. அழுகின முட்டை நாத்தம் வருதான்னு பாருங்க. நம்ம ஊர் சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், தரையில தங்கும், இங்க பைப்ல வர்ற நேச்சுரல் கேஸ் லேசு, மேல போகும், டவுனுக்கு வெளிய சில வீட்ல ப்ரொப்பேனும் உண்டு, அதனால குனிஞ்சு தரைகிட்டயும் மோந்து பாருங்க, மேலயும் பாருங்க. நாத்தம் இருந்தா எதையும் பத்த வைக்காதீங்க, லைட் சுவிட்ச கூட தொடாதீங்க, எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போய் அங்கருந்து கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணுங்க.

வீட்டுக்கு வெளிய சுவத்துல இருக்கிற வென்ட்ட (புகை வெளிய போற வழி) பனி மூடியிருக்கான்னும் ஒரு எட்டு பாத்துடுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யணும், அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

இப்ப ஃபயர்பிளேஸோட கீழ இருக்கிற சின்னக் கதவத் திறங்க. கேஸ் பைப்ல ஒரு கைப்பிடி இருக்கும், பைப் போற திசையிலயே இருந்தா திறந்திருக்கு, குறுக்க இருந்தா மூடியிருக்கு. ஃபயர்பிளேஸுக்கான சுவத்து சுவிட்ச ஆஃப்ல வைங்க. நாப்ப ஆஃப்ல வெச்சு அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க, உள்ள தேங்கின கேஸ் போகட்டும், அவசரப்பட்டா டப்புன்னு பத்தும். திரும்ப ஒருதடவ மோந்து பாருங்க.

அப்புறம் நாப்ப பைலட்டுக்கு திருப்பி உள்ள அமுக்கிப் பிடிங்க, இன்னொரு கையால இக்னைட்டர் (பொறி தட்டுற) பட்டன டக் டக்குன்னு அமுக்குங்க, கண்ணாடி வழியா சின்ன நீலச் சுடர் தெரியும். இங்கதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க. அந்தச் சுடர் பக்கத்துல ஒரு கம்பி மாதிரி இருக்கே, தெர்மோகப்பிள், அது சூடாகி துளியூண்டு கரண்ட் உண்டாக்கினாதான் வால்வ் திறந்தே நிக்கும், சூடாகலன்னா பைலட் அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சு கேஸ நிறுத்திடும். ஆக ஒரு நிமிஷம் விரல எடுக்காதீங்க. மெதுவா விடுங்க. அணைஞ்சா மறுபடி ஆஃப், மறுபடி அஞ்சு நிமிஷம். ரெண்டு மூணு தடவயும் நிக்கலன்னா லைசென்ஸ் உள்ள கேஸ் டெக்னீஷியனக் கூப்பிடுங்க. நாப் கையால திரும்பலன்னாலும் அவரத்தான் கூப்பிடணும், கட்டிங் பிளேயர் எல்லாம் போட்டு திருகவே கூடாது.

பைலட் நின்னா நாப்ப ஆனுக்கு திருப்பி, சுவத்து சுவிட்ச போடுங்க, பெரிய தீ வந்துடும். ஆரம்பத்துல கண்ணாடி ஆவி படிஞ்சு மங்கலாத் தெரியும், பயப்படாதீங்க, சூடானா தானா போயிடும். ஆனா அந்தக் கண்ணாடிய குழந்தைங்க தொட்டா தோல் வெந்துடும், தடுப்பு வலை இல்லாம விடாதீங்க, அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் கொதிக்கும்.

தீய கூட்டக் குறைக்க ஹை, லோன்னு தனி நாப் பெரும்பாலும் இருக்கும், நீங்க தொட வேண்டியது அது ஒண்ணுதான். அடியில நீலமும் நுனியில மஞ்சளும் இருந்தா சரி. சோம்பலா ஆரஞ்சு கலர்ல ஆடி கண்ணாடியில கரி படிஞ்சா அணைச்சுட்டு டெக்னீஷியனக் கூப்பிடுங்க, காத்து அளவ திருத்துறது அவர் வேலை. அழகுக்குன்னு உள்ள இருக்கிற டூப்ளிகேட் விறக நகத்தி வைக்காதீங்க, தீ அதுல இடிச்சாலும் கரி வரும்.

குளிர் முடிஞ்சதும் பைலட்டயும் அணைச்சுடுங்க, சும்மா எரிஞ்சு பில்தான் ஏறும். பைலட்லருந்து ஆஃப்புக்கு நாப் வரமாட்டேன்னு அடம் பிடிக்கும், லேசா அமுக்கித் திருப்பினா போயிடும்.