ஊர்த் தொலைக்காட்சி நிலையத்தில் அரை மணி நேர நிகழ்ச்சி தயாரிப்பது எப்படி?

அமெரிக்காவின் பல நகரங்களில், கேபிள் தொலைக்காட்சியின் ஏதோ ஓர் எண்ணில், நகர்மன்றக் கூட்டமும் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தாட்டமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அலைவரிசை உண்டு. அதை நடத்தும் நிலையத்தின் ஸ்டுடியோவில் அந்த ஊரில் வசிக்கும் எவரும் பயிற்சி பெற்றுத் தமக்கு வேண்டிய மொழியில் நிகழ்ச்சி தயாரிக்கலாம் என்பது நம்மவரில் பலருக்குத் தெரியாது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவைக் கைப்பேசியில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவதோடு நின்றுவிடுகிறோம். மூன்று கேமராக்களும் விளக்குகளும் கட்டுப்பாட்டு அறையும் கொண்ட ஒரு கூடத்தைப் பெரும்பாலான நிலையங்கள் சிறிய ஆண்டுச் சந்தாவுக்குத் திறந்துவிடுகின்றன.

இந்த ஏற்பாட்டின் அடிப்படையை அறிந்துகொண்டால் உள்ளே நுழைவது எளிது. மன்ஹாட்டனில் 1971 ஜூலையில் பொதுமக்களுக்கான கேபிள் அலைவரிசைகள் தொடங்கின. தோளில் மாட்டிச் செல்லத்தக்க வீடியோ கருவிகள் அப்போதுதான் சாதாரண மக்களின் கைக்கு எட்டத் தொடங்கியிருந்தன. 1984-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், தெருவோரமாகக் கம்பி இழுக்க உரிமம் கேட்கும் நிறுவனத்திடம் பொதுமக்கள், கல்வி, அரசு ஆகிய மூன்று வகைப் பயன்பாட்டுக்கும் அலைவரிசை கேட்டுப் பெறும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. அந்நிறுவனத்தின் கேபிள் வருவாயில் 5 விழுக்காடு வரை கட்டணம் வாங்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. அதில் ஒரு பகுதியைப் பல நகரங்கள் நிலையத்துக்குக் கொடுக்கின்றன. கேபிள் இணைப்பை விட்டு விலகுவோர் பெருகுவதால் அந்த வருவாய் சுருங்கி வருகிறது. ஆகவே பல நிலையங்களில் கருவிக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஆள் குறைவு. நிகழ்ச்சியைத் திட்டமிடும்போது இதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆள் சேர்ப்பது

முதல் படி அறிமுகக் கூட்டம்; அதன்பின் ஸ்டுடியோ பயிற்சி வகுப்பு. வகுப்பை முடித்துத் தேர்ச்சிச் சான்று பெற்றவரே கருவிகளைத் தொடலாம் என்பது பெரும்பாலான நிலையங்களின் விதி. பயிற்சி தருவதும், கருவிகளைப் பராமரிப்பதும், நிகழ்ச்சிகளை நேரப்படி ஒளிபரப்புவதும் நிலைய ஊழியர்களின் வேலை. உங்கள் நிகழ்ச்சிக்குக் கேமரா பிடிப்பது அவர்கள் வேலையன்று. புதிதாக வருபவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஸ்டுடியோவுக்குத் தேதி வாங்கியதும் குழுவும் தானாக வந்து நிற்கும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

மூன்று கேமராக்களுக்கு மூவர், இயக்குநர், காட்சிகளை மாற்றித் தரும் ஸ்விட்சரில் ஒருவர், ஒலிக்கு ஒருவர், பெயர் எழுத்துகளுக்கு ஒருவர், படப்பிடிப்புத் தளத்தில் ஃப்ளோர் மேனேஜர் ஒருவர் என்று முழுக் குழுவுக்கு எட்டுப் பேர் தேவை. இயக்குநரே ஸ்விட்சரையும் பார்த்துக்கொண்டு, நடுவிலுள்ள கேமராவை அகலமான காட்சியில் அசையாமல் நிறுத்திவிட்டால் ஆறு பேரில் முடியும். நால்வர்தான் உண்டு என்றால் ஒரு நெறியாளர், ஒரு விருந்தினர் என்று நிகழ்ச்சியையே சுருக்கிக்கொள்வது நல்லது. ஐந்து பேர் கலந்துரையாடும் பட்டிமன்றத்தை நால்வரை வைத்துப் படம்பிடித்தால், பேசுகிறவரின் முகம் திரைக்கு வருவதற்குள் அவர் பேசி முடித்திருப்பார்.

இந்த ஆறு பேரை எங்கே பிடிப்பது? முதலில் பிறருடைய நிகழ்ச்சிகளுக்குச் சென்று வேலை செய்யுங்கள். தோட்டக்கலை நிகழ்ச்சி நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நீங்கள் கேமரா பிடித்துக் கொடுத்திருந்தால், உங்கள் பதிவு நாளன்று அவர் ஒலிப்பலகையில் வந்து உட்காருவார். எழுதப்படாத இந்தக் கைம்மாற்றுதான் இத்தகைய நிலையங்களை ஓட்டுகிறது. உறவினர்களையும் நண்பர்களையும் மட்டும் நம்பித் தொடங்கும் நிகழ்ச்சிகள் இரண்டாம் மாதத்திலேயே ஆளின்றி நிற்கக்கூடும். பயிற்சி பெற்ற பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பல நிலையங்கள் குழுவில் சேர்த்துக்கொள்கின்றன. ஸ்விட்சரில் அவர்கள் கை பெரியவர்களைவிட வேகம்.

உள்ளடக்கத்தில் கவனிக்க வேண்டியவை

சட்டப்படி, ஆபாசம் போன்ற சில விலக்குகள் தவிர, கேபிள் நிறுவனம் இந்த அலைவரிசைகளின் உள்ளடக்கத்தில் தலையிடக் கூடாது. அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கமாக, நிகழ்ச்சிக்கான முழுப் பொறுப்பையும் ஏற்பதாகத் தயாரிப்பாளர் கையொப்பமிட வேண்டும். வணிக விளம்பரம் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா நிலையங்களுக்கும் பொதுவான விதி. உணவகம் நடத்தும் ஒருவரை அழைத்துச் செட்டிநாட்டு மசாலா அரைக்கும் முறையைப் பேசச் செய்யலாம். சாப்பாட்டின் விலையையோ தள்ளுபடியையோ அவர் சொல்லக் கூடாது. பதிவுக்கு முன்பே இதை அவரிடம் எடுத்துரைத்துவிடுங்கள். பதிவின் நடுவே நிறுத்தினால் விருந்தினரின் முகம் வாடிவிடும்.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கே உரிய சிக்கல் திரைப்பாடல். முப்பது விநாடிக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் குற்றமில்லை என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் இல்லை. முகப்பு இசைக்குத் தியாகராஜரின் கீர்த்தனையை எடுத்துக்கொள்ளலாம், அவர் 1847-இல் மறைந்தவர் என்பதால் அந்தப் படைப்புக்கு இன்று உரிமையாளர் இல்லை. ஆனால் ஒரு வித்வான் அதைப் பாடி வெளிவந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. உங்கள் ஊரில் பாட்டு கற்கும் மாணவியை ஸ்டுடியோவிலேயே பாடச் செய்து பதிவு செய்துகொள்ளுங்கள். திரையில் தோன்றும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும், அம்மாணவி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோர் கையொப்பமிட வேண்டும்.

நேரப் பட்டியல்

அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் முப்பது நிமிடமன்று. நிலையத்தின் அறிவிப்புகளுக்கு இடம்விட்டு இருபத்தெட்டு நிமிடம் அல்லது அதையொட்டிய அளவைப் பல நிலையங்கள் கேட்கின்றன. உங்கள் நிலையத்தின் அளவைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: முகப்புக்கு அரை நிமிடம், அறிமுகத்துக்கு ஒன்றரை, முதல் உரையாடலுக்கு ஒன்பது, முன்பே எடுத்து வைத்த காட்சித் துணுக்குக்கு மூன்று, இரண்டாம் உரையாடலுக்குப் பத்து, ஊர் அறிவிப்புகளுக்கு இரண்டு, நிறைவுரைக்கு ஒன்று, பெயர்ப் பட்டியலுக்கு ஒன்று. கடைசி நான்கு நிமிடங்களை மாற்றவே கூடாது. இரண்டாம் உரையாடல்தான் நீளவும் சுருங்கவும் வேண்டிய பகுதி. ஆகவே அதற்கென இரண்டு கேள்விகளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, நேரம் மிஞ்சினால் மட்டும் கேட்பது என்று நெறியாளர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுக் குழுவினர் அனைவருக்கும் கொடுங்கள். காரணம் இருக்கிறது. உங்கள் இயக்குநர் தமிழ் அறியாதவராக இருக்க வாய்ப்பு அதிகம். இயக்குநர் காதால் கேட்டுத்தான் காட்சியை மாற்றுகிறார். ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, கேள்வி எப்போது விருந்தினர் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்தே அடுத்த கேமராவை ஆயத்தப்படுத்துகிறார். தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால், மொழி தெரியாதவருக்கு வாக்கியம் முடிந்ததா, மூச்சுவிட நின்றதா என்று பிடிபடாது. எனவே கட்டுப்பாட்டு அறையில் இயக்குநருக்கு அருகே தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, "முடிக்கப் போகிறார்", "கேள்வி வருகிறது" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லச் செய்யுங்கள். அப்படி ஆள் இல்லையென்றால், கேள்வியை முடிக்கும்போது நெறியாளர் விருந்தினர் பக்கம் கையைச் சற்றே நீட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

பதிவு நாள்

குழுவினர் பதிவுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும். முதலில் விளக்குகள்: முகத்துக்கு ஒன்று, அதன் நிழலைக் குறைக்க மறுபுறம் மென்மையான ஒன்று, பின்னாலிருந்து தலையிலும் தோளிலும் படும்படி ஒன்று. கருங்கூந்தல் கறுப்புத் திரையோடு கலந்துவிடாமல் காப்பது இந்தப் பின் விளக்குதான், நேரமில்லையென்று அதைக் கைவிட வேண்டாம். அகலச் சரிகைப் புடவை விளக்கொளியில் பளிச்சென்று எதிரொளிக்கும். நெருக்கமான கோடு போட்ட சட்டை திரையில் அலைபாயும். பின்புலத்தைப் பிறகு மாற்றுவதற்காகப் பச்சைத் திரையைப் பயன்படுத்தினால் பச்சை உடையே ஆகாது. விருந்தினரை அழைக்கும்போதே இவற்றைச் சொல்லிவிடுங்கள்.

சட்டையில் குத்தும் சிறிய மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்த வேண்டும். நம் உடைகளில் இது அவ்வளவு எளிதன்று. புடவை முந்தானையில் குத்தினால் பட்டு உராயும் சரசரப்பு கேட்கும். கழுத்துச் சங்கிலி தட்டினால் ஒவ்வோர் அசைவுக்கும் 'டக்' என்று ஒலிக்கும். ரவிக்கையின் கழுத்தோரத்தில், நகை படாத பக்கமாகக் குத்தி, சங்கிலியைப் புடவைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்வது நல்ல வழி. பேட்டரிப் பெட்டி இடுப்பில் செருகப்பட வேண்டும். வேட்டி கட்டி வருபவரிடம் பெல்ட் அணிந்து வரச் சொல்லுங்கள். பிறகு விருந்தினரைக் காலையில் என்ன சாப்பிட்டார் என்று வழக்கமான குரலில் பேசவிட்டு, மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி ஒலியைச் சரிசெய்ய வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், அதைப் பின்னர் சரிசெய்ய இயலாது.

பதிவின்போது ஹெட்செட்டில் இயக்குநர் குரல் மட்டுமே ஒலிக்க வேண்டும். "ரெடி டூ" என்றால் இரண்டாம் கேமராக்காரர் காட்சியைக் கூர்மையாக்கி அசையாமல் நிற்க வேண்டும். "டேக் டூ" என்றதும் அது திரைக்குப் போகிறது. கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்த பிறகே அடுத்த காட்சியைத் தேட வேண்டும். ஃப்ளோர் மேனேஜர் கேமராவுக்குப் பக்கத்தில், நெறியாளரின் பார்வை இயல்பாகப் படும் இடத்தில் நின்று, மீதமுள்ள நிமிடங்களை விரலால் காட்டுவார். கையைச் சுழற்றினால் பேச்சை முடிக்க வேண்டும் என்று பொருள். சிறு தடுமாற்றங்களுக்காகப் பதிவை நிறுத்தாதீர்கள். நேரலை போலவே ஒரே மூச்சில் எடுத்துவிட்டால் படத்தொகுப்பு வேலை மிச்சம். தன்னார்வலர்களின் நிகழ்ச்சிகள் பல முடங்கிக் கிடப்பது படத்தொகுப்பில்தான்.

முடிந்ததும் மைக்குகளின் பேட்டரிகளைக் கழற்றி, கேபிள்களைச் சுருட்டி, நாற்காலிகளை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் குழு கலைய வேண்டும். கோப்பை நிலையம் சொல்லும் வடிவத்தில், சொல்லும் பெயரிடும் முறையில், ஒளிபரப்புக்குச் சில நாள்கள் முன்னதாகவே ஒப்படைக்க வேண்டும். அதற்குமுன் ஆங்கில வசன வரிகளைச் சேர்த்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பார், நம் வீட்டுப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். தொடராக நடத்த எண்ணினால் மூன்று பகுதிகள் கையில் தயாரான பிறகே நிரந்தர நேரம் கேளுங்கள். வாரந்தோறும் என்று விண்ணப்பிப்பதைவிட மாதம் ஒருமுறை என்று கேட்டு, இடைப்பட்ட வாரங்களில் மறு ஒளிபரப்புக்கு அனுமதிப்பது தன்னார்வக் குழுவுக்குத் தாங்கும்.