வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலி காதைக் குத்துகிறதா?

கிதார் வாசிப்பவர்கள் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைத் தேடிப் போவதே அதன் கனிந்த ஒலிக்காகத்தான். அது ஒருநாள் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கரகரத்தால், பலர் உடனே புது வால்வு வாங்கிவிடுகிறார்கள். முதலில் காது, பிறகு மீட்டர், கடைசியில்தான் பணம். இஎல்34 என்ற வகைப் பவர் வால்வுகள் இரண்டு கொண்ட 50 வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்துச் சொல்கிறேன்.

உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்; அது உயிரைப் பறிக்கும். படி 3 முதல் எல்லாவற்றையும் அனுபவமுள்ள மெக்கானிக்கின் துணையோடு மட்டுமே செய்யுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் வாசிக்காதீர்கள். பவர் வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

படி 1: ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் பிரசென்ஸ் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். கூர்மை மறைந்தால் பழுதே இல்லை. பிறகு வேறொரு ஸ்பீக்கரில் கேளுங்கள். எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளை (நேராகப் பவர் பகுதிக்குச் செல்லும் வழி) இருந்தால் வேறொரு ப்ரீஆம்ப்பை, அதாவது ஒலியை முதலில் பெருக்கும் பகுதியை, அதில் செருகுங்கள். அப்போதும் கரகரப்பு இருந்தால் குறை பவர் பகுதியில்தான்.

படி 2: ஒரே ஒரு சுரத்தை மெல்ல மீட்டி, அது அடங்கும்வரை கேளுங்கள். தொடக்கம் நன்றாக இருந்து, தேயத் தேய மணல் உரசுவதுபோல் ஒரு சத்தம் ஒட்டிக்கொண்டு வருகிறதா? அலையின் மேல்பாதியை ஒரு வால்வும் கீழ்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. பயஸ் மின்னோட்டம், அதாவது வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டம், குறைந்தால், கைமாறும் இடத்தில் இரண்டுமே ஒரு கணம் உறங்கிவிடுகின்றன. உரத்த வாசிப்பில் இது மறைந்துகொள்ளும். மெல்லிய சுரம்தான் காட்டிக்கொடுக்கும்.

படி 3: பயஸை அளப்போம். இஎல்34 வால்வின் பிளேட் (மின்னோட்டம் வந்து சேரும் தகடு) தாங்கும் உச்சம் 25 வாட். பயஸுக்கு வழக்கமாகக் கொள்ளும் மேல்வரம்பான 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 17.5-ஐ 450-ஆல் வகுக்க 39 மில்லிஆம்பியர் வரும். கேத்தோடில் (வால்வில் எலக்ட்ரான்கள் புறப்படும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் 39 மில்லிவோல்ட் தெரியும். வால்வின் மற்றொரு முனையான ஸ்க்ரீனின் மின்னோட்டமும் இதில் கலந்திருப்பதால் பிளேட்டுக்குரியது சற்றுக் குறைவே. நண்பர் ஒருவரின் ஆம்ப்ளிஃபயரில் இது வெறும் 14 மில்லிவோல்ட் காட்டியது. பயஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 35-க்குக் கொண்டுவந்தோம். சுரத்தின் வால் பட்டுப்போல் அடங்கியது; வால்வுகள் பழையவையேதான்.

படி 4: பயஸ் சரியாக நிற்கவில்லை, அல்லது ஒரு வால்வின் பிளேட் சிவந்து கனல்கிறது என்றால் உடனே அணையுங்கள். பவர் வால்வுக்கு ஒலியை மட்டும் கடத்தி டிசி வோல்ட்டேஜைத் தடுக்கும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு இரண்டு சாக்கெட்டுகளிலும் 5-ஆம் பின்னில் (ஒலி நுழையும் கிரிட் முனை) டிசி வோல்ட்டேஜை அளந்தால், ஏறக்குறைய ஒரே அளவு மைனஸ் வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை நோக்கி ஏறியிருந்தால், அந்தப் பக்கத்துக் கெபாசிட்டரே முதல் சந்தேகம்.

படி 5: இவையெல்லாம் சரியாக இருந்தும் கரகரத்தால், ஆம்ப்ளிஃபயர் தானாகவே எழுப்பும், காதுக்கு எட்டாத அலைவு இருக்கலாம். உலர்ந்த மரக்குச்சியால் கிரிட் கம்பியைப் பிளேட் கம்பியிலிருந்து மெல்ல நகர்த்துங்கள். ஒலி மாறினால் அங்கேதான் கோளாறு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிய பிறகு ஊளையிடத் தொடங்கியதென்றால், பிளேட்டுக்குச் செல்லும் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கும்.

எதைச் சரிசெய்தாலும் 20 நிமிடம் சூடேற விட்டு, பயஸை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.