லீட் சான்றிதழுக்காக உணவுக் கொள்முதலை ஆவணப்படுத்தும் முறை

லீட் என்பது சூழலுக்கு உகந்த கட்டடங்களுக்கு அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் வழங்கும் சான்றிதழ். அதன் 2009 விதிகளில், பயன்பாட்டிலுள்ள கட்டடங்களுக்கான பிரிவின்படி, உணவு, பானக் கொள்முதலின் மொத்தச் செலவில் 25 சதவீதமாவது சூழலுக்கு உகந்ததாக இருந்தால் சான்றிதழுக்கான ஒரு புள்ளி கிடைத்தது. இயற்கை வேளாண்மை, நியாய வணிகம், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற ஏற்கப்பட்ட முத்திரை பெற்றிருப்பது ஒரு வழி. கட்டடத்திலிருந்து 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் தொலைவுக்குள் விளைந்து, அங்கேயே தயாரானதாக இருப்பது மற்றொன்று.

கணக்கிடும் காலத்தின் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பில்லையும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். உகந்தவற்றை மட்டும் பதிந்தால் சதவீதத்தைக் கணக்கிடவே முடியாது. பொருள், விற்பனையாளர், விலை, முத்திரை, பண்ணையின் ஊர், தொலைவு ஆகியவற்றுக்குத் தனித்தனி பத்திகள் வேண்டும்.

பலர் தடுமாறுவது சான்றுகளில்தான். பில்லில் வெறுமனே "காபித்தூள், 5 பவுண்டு" என்றிருந்தால் அது எதையும் நிரூபிக்காது. பையைப் பிரிக்கும் முன்பே முத்திரை தெரியும்படி படமெடுத்து, பில் எண்ணையே கோப்பின் பெயராக வைத்துவிடுங்கள். உள்ளூர் விளைச்சலுக்கு விற்பனையாளரின் கிடங்கு அருகில் இருப்பது போதாது என்பதால், விளைந்த இடத்தைக் குறிப்பிடும் கடிதத்தை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அந்த 2009 விதிகளின்படி, இரு நிபந்தனைகளையும் நிறைவேற்றிய பொருள் இருமுறை கணக்கிடப்பட்டது: அருகில் விளைந்த, இயற்கை வேளாண் முத்திரை பெற்ற 100 டாலர் தக்காளி, உகந்த கொள்முதலில் 200 டாலராகவும் மொத்தச் செலவில் 100 டாலராகவுமே இடம்பெற்றது.