சீசன் தொடங்கும் முன் நம்பிக்கையையும் கவலையையும் எழுதிவைப்பது எப்படி

கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரங்கள் ரசிகருக்குக் கடினமானவை. ஆட்டம் எதுவும் இல்லை. செய்தி மட்டும் ஓயாமல் வருகிறது. காலையில் ஒரு வீரர் வரப்போகிறார் என்று கேட்டதும் மனம் கோப்பையைத் தூக்கிவிடுகிறது. மாலையில் இன்னொருவர் விலகுகிறார் என்று கேட்டதும் கீழ் லீகுக்கு இறங்கிவிட்டதைப் போலத் துவண்டுவிடுகிறது. இந்த அலைக்கழிப்புக்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளை எடுத்து, நம் நம்பிக்கை ஒவ்வொன்றும் எதன்மேல் நிற்கிறது, கவலை ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று எழுதிவிடுவது. அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் எழுதுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவைக்க வேண்டும்.

முதலில் சென்ற சீசனின் புள்ளிப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அணி எந்த இடத்தில் முடித்தது என்பதை விட்டுவிட்டு, அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் பெறும் வெற்றிகளில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை ஒரு சீசனில் குவிந்து வந்தால் அடுத்த சீசனிலும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2011-12 சீசனில் நியூகாசில் அணி 65 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பிடித்தது; ஆனால் அதன் கோல் வித்தியாசம் வெறும் 5. அதே சீசனில் எவர்ட்டன் 56 புள்ளிகளுடன் ஏழாவதாக முடித்தது. அதன் கோல் வித்தியாசம் 10. அந்தக் கோடையில் இரு அணிகளின் ரசிகர்களில் யாருக்கு நம்பிக்கை அதிகமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சீசனில் எவர்ட்டன் 63 புள்ளிகளுடன் ஆறாம் இடத்துக்கு ஏறியது. நியூகாசில் 41 புள்ளிகளுடன் பதினாறாம் இடத்துக்குச் சரிந்தது. நியூகாசிலின் சரிவுக்குக் கோல் வித்தியாசம் மட்டும் காரணமன்று. ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூரோப்பா லீகில் காலிறுதி வரை சென்ற அணியின் கால்கள் வார நடுவிலும் ஓட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து, சென்ற சீசனை மூன்று துண்டுகளாக வெட்டி, கடைசித் துண்டைத் தனியாகப் படியுங்கள். முழு சீசனின் சராசரிக்குள் மறைந்து கிடக்கும் மாற்றம் அங்கேதான் தென்படும். 2014-15 சீசனில் லெஸ்டர் அணி பல மாதங்கள் பட்டியலின் அடியிலேயே கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, 41 புள்ளிகளுடன் பதினான்காம் இடத்தில் தப்பியது. அடுத்த சீசனில் 81 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. அப்படி ஒரு பட்டத்தை எவரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. அது பட்டம் வென்றால் ஒரு பவுண்டுக்கு ஐயாயிரம் பவுண்டு தருவதாகப் பந்தய நிறுவனங்கள் சொன்ன அணி அது. ஆனால் ‘இந்த அணி கீழே இறங்காது’ என்ற எளிய நம்பிக்கைக்கு அந்த ஒன்பது ஆட்டங்களே போதுமான ஆதாரமாக இருந்தன. ஓர் எச்சரிக்கையும் உண்டு: எதிரணிக்குப் பட்டமோ தரமிறக்கமோ எதுவும் மீதமில்லாத ஆட்டங்களில் பெற்ற வெற்றிகளை அரைவாசியாகவே கணக்கிடுங்கள்.

இனி, போனவர்கள். பெரும்பாலான ரசிகர்கள் வருபவர்களின் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் எப்போதும் போனவர்களிடமிருந்து தொடங்கச் சொல்வேன். விலகிய ஒவ்வொருவரும் சென்ற சீசனில் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை கோல் அடித்தார் என்று குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே அவர் செய்துவந்த, எண்ணிக்கையில் வராத வேலையையும் எழுதுங்கள். கார்னர் கிக் எடுத்தவர் யார்? பக்கவாட்டுத் தடுப்பாளர் முன்னேறி ஓடியபோது அவர் விட்டுச்சென்ற இடத்தைக் காத்து நின்ற நடுக்கள வீரர் யார்? எதிரணியின் உயரமான முன்கள வீரரோடு தலைக்குத் தலை மோதியவர் யார்? அந்த வேலைகளை இனி யார் செய்வார் என்று ஒரு பெயரையேனும் எழுத முடியாவிட்டால், அது நியாயமான கவலை. தாளில் அதற்கு இடம் உண்டு.

வருபவர்களைப் பொறுத்தவரை, எண்ணிக்கை குறைவு என்பதே கவலைக்குக் காரணமாகாது. லிவர்பூல் அணி 2024-25 சீசனை ஒரு புதிய பயிற்சியாளரோடு தொடங்கியது. அந்தக் கோடையில் முதல் அணியில் வந்து சேர்ந்த ஒரே முக்கிய வீரர் ஃபெடரிகோ கியேசா, அவரும் லீகில் ஆறு ஆட்டங்களில்தான் இறங்கினார். ஆயினும் 84 புள்ளிகளுடன் அந்த அணி பட்டம் வென்றது. ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் இன்னும் நன்றாக ஆடுவார்கள் என்ற நம்பிக்கை, புதிதாக வருபவர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்ற நம்பிக்கையைவிட உறுதியான தரையில் நிற்கிறது. முன்கள வீரர் ஒருவர் வந்திருந்தால், முந்தைய சீசனில் அவர் அடித்த கோல்களைக் கேட்டதும் மகிழ்ந்துவிடாமல், அவற்றில் எத்தனை பெனால்டி என்று கழித்துப் பாருங்கள். பெனால்டிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கோலாகின்றன. அந்த உரிமை புதிய அணியில் வேறொருவர் கையில் இருக்கலாம்.

இப்போது ஒரு வெள்ளைத் தாளில் பதினொரு இடங்களையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்களை எழுதுங்கள். இரண்டாவது பெயரை எழுதக் கை தயங்கும் இடம்தான் உங்கள் அணியின் உண்மையான ஆபத்து. 2019-20 சீசனில் 99 புள்ளிகளுடன் பட்டம் வென்ற லிவர்பூல், அடுத்த சீசனில் மையத் தடுப்பாளர்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராக இழந்தது. 2020 அக்டோபரில் வர்ஜில் வான் டைக், நவம்பரில் ஜோ கோம்ஸ், பிறகு ஜோயல் மாட்டிப். நடுக்கள வீரர்களைப் பின்னால் நிறுத்தி ஆட வேண்டிய நிலை வந்தது. பின்னாலும் பலவீனம், நடுவிலும் பலவீனம். அந்த சீசன் 69 புள்ளிகளுடன் முடிந்தது. ஒரு காயம் ஓர் இடத்தை மட்டும் காலியாக்குவதில்லை, அந்த இடத்தை நிரப்ப நகர்த்தப்படுபவரின் இடத்தையும் காலியாக்குகிறது என்பதை இந்த ஒரு சீசனில் முழுமையாகக் காணலாம். முழங்கால் தசைநார் அறுந்து திரும்பிவருபவர் உங்கள் பட்டியலில் இருந்தால், அவர் பயிற்சிக்குத் திரும்பும் நாளையும் பழைய வேகத்துக்குத் திரும்பும் நாளையும் ஒன்றாக எண்ணாதீர்கள்; இரண்டுக்கும் இடையே பல மாதங்கள் இருக்கலாம்.

பயிற்சியாளர் மாறியிருந்தால் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம் முழுவதும் அவர் கையில் இருந்ததா என்பதே. ஷாபி அலோன்சோ 2022 அக்டோபரில் பொறுப்பேற்றபோது லெவர்குசன் அணி ஜெர்மனியின் முதல்தர லீகில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. அந்த சீசனில் ஆறாம் இடம் வரை கொண்டுவந்தார். அடுத்த கோடையில் முழுப் பயிற்சிக் காலமும், தன் முறைக்கேற்ற வீரர்களும் கிடைத்தபின், 34 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 90 புள்ளிகளுடன் அந்தக் கழகத்தின் முதல் லீக் பட்டத்தை வென்றார். இதனால், நடுவில் வந்து ஓரளவு நிமிர்த்திய பயிற்சியாளர் தன் முதல் முழு சீசனைத் தொடங்கும்போது நம்பிக்கை வைப்பது வீணான ஆசையன்று என்று கருதுகிறேன்.

ஆட்ட அட்டவணையில் முதல் ஐந்து ஆட்டங்களை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். எல்லா அணிகளையும் இருமுறை சந்தித்தே ஆக வேண்டும். கவனிக்க வேண்டியது நெருக்கம். ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் வார நடுவில் மோதும் சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டத்தில் 2024-25 முதல் ஆறுக்குப் பதில் எட்டு ஆட்டங்கள். வார நடு ஆட்டத்துக்குப் பின் உடனே வரும் வெளிமைதான ஆட்டங்களை வட்டமிட்டு வையுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் மோதும் ஆப்பிரிக்கக் கோப்பை சீசனின் நடுவில் வருமானால், தேசிய அணிக்குப் போகக்கூடிய வீரர்கள் யார் என்பதையும் பாருங்கள்.

நட்பு ஆட்டங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஸ்கோரைப் பார்க்காதீர்கள், நிற்கும் இடங்களைப் பாருங்கள். பாதி அணி இடைவேளையில் மாறும், எதிரணியும் கால்களைத் தளர்த்திக்கொள்ளவே வந்திருக்கும். அங்கே அடிக்கும் நான்கு கோலுக்குப் பொருளில்லை. ஆனால் கோல்கீப்பர் பந்தை யாரிடம் கொடுக்கிறார், பந்தை இழந்ததும் முதல் ஐந்து விநாடிகளில் யார் முன்னால் பாய்கிறார், யார் பின்வாங்குகிறார், பக்கவாட்டுத் தடுப்பாளர் உள்ளே நகர்கிறாரா வெளியே ஓடுகிறாரா என்பவை பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்பட்டவை. அவை சீசனிலும் வரும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நட்பு ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த இளைஞர் ஒருவரை நம்பிக் கோடை முழுவதும் மகிழ்ந்திருந்தேன்; லீகில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் இந்தக் குறிப்புகளை எழுதும் பழக்கம் எனக்கு வந்தது.

உங்கள் அணி கீழ் லீகிலிருந்து இப்போதுதான் ஏறியிருக்கிறது என்றால் அளவுகோலையே மாற்ற வேண்டும். பர்ன்லி அணி 2022-23 சீசனில் இரண்டாம் நிலை லீகை 101 புள்ளிகளுடன் வென்று ஏறியது. அடுத்த ஆண்டு மேலே 24 புள்ளிகள் மட்டுமே பெற்று இறங்கியது. அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் புதிதாக ஏறிய மூன்று அணிகளுமே இங்கிலாந்தில் இறங்கிவிட்டன. 1998ல் ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் ஏறிய சீசனிலேயே பட்டம் வென்றது என்பதை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். தாளில் எழுத வேண்டியது தப்பிப்பதற்கான கணக்கு. 38 ஆட்டங்கள் கொண்ட லீகில் 40 புள்ளிகள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலான சீசன்களில் அதைவிடக் குறைவே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் 2002-03ல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளிகள் பெற்றும் இறங்கியது. கழகத்தின் கணக்குவழக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்: 2023 நவம்பரில் எவர்ட்டனுக்குச் செலவு விதிகளை மீறியதற்காக 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன, மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது.

இவ்வளவும் பார்த்தபின் எழுத உட்காருங்கள். மூன்று நம்பிக்கை, மூன்று கவலை. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ‘ஏனெனில்’ இருக்க வேண்டும், சரியா தவறா என்று பின்னால் சொல்ல முடிய வேண்டும். ‘இந்த ஆண்டு நன்றாக ஆடுவோம்’ என்பது வாக்கியமாகாது. ‘சென்ற சீசனைவிடக் குறைவாகக் கோல் வாங்குவோம், ஏனெனில் கடைசிப் பன்னிரண்டு ஆட்டங்களில் ஆடிய அதே நான்கு தடுப்பாளர்களும் இருக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். ‘நடுக்களத்தில் ஒருவர் காயமடைந்தால் தொடர்ந்து புள்ளிகளை இழப்போம், ஏனெனில் அவருடைய இடத்தில் ஆட இரண்டாவது பெயர் இல்லை’ என்பதும் அப்படிப்பட்டதே. அடியில் அணி பெறும் என்று நினைக்கும் புள்ளிகளை ஒரே எண்ணாக எழுதித் தேதியிடுங்கள். ‘ஐம்பதிலிருந்து அறுபதுக்குள்’ என்று இடைவெளி விட்டு எழுதினால் மனம் பிறகு தனக்குச் சாதகமான முனையைப் பிடித்துக்கொள்ளும்.

தாளை மடித்து வைத்துவிட்டுப் பத்தாவது ஆட்டம் முடியும்வரை திறக்காதீர்கள். இரண்டு தோல்விகளுக்குப் பிறகு திறந்தால் கவலைகள் மட்டுமே கண்ணில் படும். பல லீகுகளில் முதல் ஆட்டங்கள் நடக்கும்போதே வீரர் மாற்றத்துக்கான காலம் திறந்துதான் இருக்கும்; ஆகவே அது மூடிய அன்று யாரேனும் வந்தாலோ போனாலோ தாளின் பின்புறத்தில் அவர் பெயரையும் தேதியையும் மட்டும் குறியுங்கள், முன்பக்கத்தைத் திருத்த வேண்டாம். பத்தாவது ஆட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ‘நடக்கிறது’, ‘நடக்கவில்லை’, ‘இன்னும் தெரியவில்லை’ என்பவற்றில் ஒன்றை எழுதுங்கள். பொய்த்துப்போனவற்றில் முதலில் சரிபார்க்க வேண்டியது ‘ஏனெனில்’ என்பதற்குப் பின்னால் வரும் பகுதி. அங்கே நீங்கள் நம்பிய வீரர் ஆடவே இல்லையா, ஆடியும் பயனில்லையா என்பதைப் பிரித்து எழுதிவிட்டு, ஜனவரியில் திறக்கும் மாற்றக் காலத்துக்கு அடுத்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.