பினாங்கு வெக்கையில் கில்ட்டும் ஏப்ரனும்: ஸ்காட்டிஷ் லாட்ஜில் புதிதாகச் சேருபவருக்கு

ஸ்காட்டிஷ் லாட்ஜில், அதாவது ஃபிரீமேசன் சகோதரச் சங்கத்தின் ஸ்காட்லாந்து மரபுக் கிளையில், சேரப்போகிறோம் என்றதும் நம்மவர்களில் பலர் முதல் வேலையாகக் கில்ட் எனும் ஸ்காட்லாந்து மடிப்புப் பாவாடையின் விலையைத் தேடுகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்துக்குக் கறுப்பு அல்லது கருநீல சூட், வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, செயலாளர் சொல்கிற டை, இவ்வளவு போதும். ஃபிரீமேசனின் உடை என்றால் இடுப்பில் முன்பக்கம் கட்டும் ஏப்ரன்தான், மற்றதெல்லாம் அதற்கு அடுத்த வரிசை. ஆரம்பப் படிக்கான வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரனைப் பெரும்பாலும் லாட்ஜே கொடுத்துவிடும்.

பிறகு சொந்தமாக ஏப்ரன் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். பினாங்கில் 1809இலேயே நெப்டியூன் லாட்ஜ் வந்துவிட்டது, அது ஆங்கில மரபு. அந்த மரபில் ஏப்ரனின் மேல்மடிப்பு முக்கோணமாகவும் கரை வெளிர்நீலமாகவும் இருக்கும், எல்லா லாட்ஜுக்கும் ஒரே மாதிரி. ஸ்காட்டிஷ் லாட்ஜுகளின் தலைமை அமைப்பான ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜ் 1736இல் தொடங்கியது. அங்கே மேல்மடிப்பு வட்டமாக வரும், கரையின் நிறத்தை ஒவ்வொரு லாட்ஜும் தானே முடிவு செய்யும், சில லாட்ஜுகள் டார்டன் எனும் ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணியையே கரையாக வைக்கும். பச்சை நிறம் அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், அது கிராண்ட் லாட்ஜ் அதிகாரிகள் அணியும் நிறம். செயலாளரைக் கேட்காமல் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம்.

சரி, கில்ட் உடுத்தியே ஆகவேண்டும் என்று ஆசை. தமிழன் எந்த டார்டனைப் போடலாம்? இதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, ஆனால் மரியாதை இருக்கிறது. 1746இல் பிரிட்டிஷ் அரசு கில்ட் உள்ளிட்ட ஹைலேண்ட் உடையையே, அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையையே, தடைசெய்தது, 1782 வரை அந்தத் தடை நீடித்தது. அப்படிப் பறிபோய்த் திரும்பக் கிடைத்த உடையை நாம் காரணத்தோடு உடுத்துவதுதான் நியாயம். லாட்ஜுக்கென்று டார்டன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். இல்லையென்றால் கரும்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச் டார்டன் யாரும் போடக்கூடியது, மங்கலான மண்டப வெளிச்சத்திலும் கம்பீரமாக இருக்கும். பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது, அதைத் தொடாதீர்கள். சந்தேகமிருந்தால் 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் உள்ள விவரத்தைப் பார்க்கலாம்.

துணி விஷயத்தில் ஸ்காட்லாந்துக் கடைக்காரர் கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியைத்தான் உயர்த்திச் சொல்வார். எட்டு கஜம், அதாவது ஏழே கால் மீட்டருக்கு மேல், அவ்வளவு கம்பளியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நம்மூர் வெக்கையில் காரிலிருந்து மண்டபத்துக்கு நடந்து பாருங்கள், தெரியும். 13 அவுன்ஸ் போதும், 11 கூடச் சரிதான், அதற்கும் கீழே போனால் பின்மடிப்பு தொங்காமல் பறக்கும்.

வேட்டி கட்டிப் பழகியவர்கள் தவறுவது இடுப்பில்தான். வேட்டியைத் தொப்புளுக்குக் கீழே கட்டுவோம், கில்ட் தொப்புள் மட்டத்தில் ஏறி நிற்க வேண்டும். மடிப்பெல்லாம் பின்பக்கம், விரிந்த முன்பகுதியின் குஞ்சம் வலப்பக்கம் வரும். கில்ட் ஊசியை முன்பகுதியின் வெளித்துணியில் மட்டும் குத்துங்கள், உள்துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும். நீளம் பார்க்க ஒரு வழி: முதுகை நிமிர்த்தி முழங்காலிடுங்கள், ஓரம் தரையைத் தொடாமல் ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே நின்றால் அளவு சரி. சடங்கில் முழங்காலிடும் வேளை வரும், எனவே இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. உட்காரும்போது பின்மடிப்பைக் கையால் வழித்துவிட்டு, முழங்காலைச் சேர்த்து உட்காருங்கள்.

மேலே ஏப்ரன் கட்டும்போது, கில்ட்டின் முன்னால் தொங்கும் ஸ்போரன் பை புடைத்துக்கொண்டு நிற்கும், அதைப் பக்கவாட்டுக்கு நகர்த்திவிடுங்கள். குட்டையான பிரின்ஸ் சார்லி கோட்டு என்றால் ஏப்ரன் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது லாட்ஜுக்கு லாட்ஜ் மாறும், மூத்த சகோதரர் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பார்த்துச் செய்யுங்கள். ஏப்ரனைப் பையில் வைத்துக் கொண்டுபோய் உள்ளேதான் கட்ட வேண்டும். அனுமதியில்லாமல் அதைக் கட்டிக்கொண்டு வெளியே நடமாடுவது பெரிய தவறு.

காலுறையில் செருகும் சிறு கத்தி வேண்டவே வேண்டாம். ஆயுதம் வைத்திருப்பது பற்றி மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, போலீஸ் ரோட் பிளாக்கில் நின்று ஸ்காட்லாந்து மரபை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கைப்பிடி மட்டும் உள்ள, அலகே இல்லாத பிளாஸ்டிக் போலிகள் கிடைக்கின்றன. வெளியே தெரிவது கைப்பிடிதானே.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டினால் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். கில்ட்டை நிழலில், காற்றோட்டமாக ஓர் இரவு தொங்கவிடுங்கள், வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். டோபிக்குக் கொடுக்கும் முன் பின்மடிப்புகளை நீளத் தையலாக நூலோட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் இஸ்திரி போட்டு மடிப்பை இடம் மாற்றிவிடுவார்கள். தண்ணீரில் துவைக்கக் கூடாது, உலர்சலவை மட்டும்தான். ஆட்டுத்தோல் ஏப்ரனில் ஈரம் படவே கூடாது, காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, மடக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தட்டையாக வையுங்கள். வெள்ளைக் கையுறை பருத்தி என்றால் கையாலேயே கசக்கி, கடைசி அலசலில் ஒரு சொட்டு நீலம் விட்டால் மஞ்சள் தெரியாது.